ஸ்டாண்டா, மனப்பாடமா? முதல்முறை மேடையேறுகிறவர்களுக்கு

மேடையில் பாடப்போகிறீர்கள், அல்லது வாசிக்கப்போகிறீர்கள். தேதி குறித்தாகிவிட்டது. வரிகளையும் இசைக்குறிப்பையும் எதிரே ஒரு ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? கேட்டுப் பார்த்தால் இரண்டு விதமான பதில் வரும். தாளைப் பார்த்துப் பாடுகிறவர் பாடகரே அல்ல என்பார் ஒருவர். பெரிய பெரிய ஆட்களே பார்த்துத்தான் பாடுகிறார்கள், கவலைப்படாமல் வைத்துக்கொள் என்பார் இன்னொருவர். இரண்டினாலும் உங்களுக்குப் பயனில்லை. மேடையில் தடுமாறுகிறவர்களில் பலர் இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர்கள்: பாதி தெரியும், மீதியைத் தாள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வந்தவர்கள். கண் தாளுக்குப் போனதும் எந்த வரியில் இருக்கிறோம் என்று தேட வேண்டியிருக்கிறது. தேடி முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும் சீக்கிரம் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்தபடியே பயிற்சி செய்யுங்கள். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

மனப்பாடமே உயர்ந்தது என்ற எண்ணத்தை முதலில் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது நல்லது. மேற்கத்திய பியானோ மேடையில் அது 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கமாக வேர்விட்டது. கிளாரா வீக், பின்னாளில் கிளாரா ஷூமன் என்று புகழ்பெற்றவர், 1837இல் பெர்லினில் தாள் இல்லாமல் வாசித்தபோது அதை அகம்பாவம் என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். பிறகு அவரும் இன்னொரு பியானோ மேதையான ஃபிரான்ஸ் லிஸ்ட்டும் போட்ட பாதையில் ஊரே நடந்து, தாளோடு வருவதுதான் குறை என்றாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் போன்ற பியானோ மாமேதை தம் இறுதிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கிவிட்டு, தாளின் மேல் மட்டும் ஒரு சிறு விளக்கை எரியவிட்டு வாசித்தார். அவரை யாரும் கற்றுக்குட்டி என்று சொல்லவில்லை.

முதல் படி: உங்கள் நிலைமை எது என்று பாருங்கள்

இசைக்குழுவில் ஒருவராக வாசிக்கிறீர்கள், சேர்ந்திசையில் பாடுகிறீர்கள், வேறொருவருக்குத் துணையாக வாசிக்கிறீர்கள், கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாகப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தாள் வேண்டும். லண்டனின் அரோரா இசைக்குழு 2014இல் பிபிசியின் ப்ராம்ஸ் (Proms) இசை விழாவில் மோட்சார்ட்டின் 40ஆவது சிம்பொனியை முழுக்க மனப்பாடமாக வாசித்தபோது அது செய்தியானது. செய்தியாகும் அளவுக்கு அது அபூர்வம். துணைக்கு வாசிப்பவர் தாளை வைத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்னால் பாடுகிறவர் ஒரு சரணத்தையே தாண்டிக் குதித்துவிட்டால் எங்கே போய் விழுந்தார் என்று உடனே கண்டுபிடிக்கத் தாள் உதவும்.

தனியாகப் பாடுகிறீர்கள், பாட்டு மூன்று நான்குதான், கேட்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டிய பாட்டுகள் என்றால் மனப்பாடம் செய்யுங்கள். நடந்துகொண்டோ ஆடிக்கொண்டோ பாடுகிறவருக்கும் வேறு வழி இல்லை. பார்வை மங்கியவர்களுக்கும் மனப்பாடமே துணை: இசைக்குழு நடத்துநர் தோஸ்கனீனி முழுமுழு இசைநூல்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு மேடையேறியதற்கு அவருடைய மோசமான கண்பார்வையும் ஒரு காரணம்.

இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். பத்துப் பன்னிரண்டு பாட்டு, அதில் நான்கு புதிது, வேலைக்கும் போய்க்கொண்டு மாலையில் பயிற்சி செய்கிறவர்கள். இவர்களுக்கு என் பரிந்துரை: பாட்டை மனப்பாடமாகவே படியுங்கள், எதிரே ஒரு தாளும் இருக்கட்டும். ஆனால் அது வாசிப்பதற்கான தாளாக இருக்கக் கூடாது. ஒரு பார்வையில் விஷயத்தைச் சொல்லிவிடுகிற தாளாக இருக்க வேண்டும். அதை எப்படித் தயாரிப்பது என்பது பின்னால் வருகிறது.

இரண்டாம் படி: முடிவுக்கு ஒரு நாள் குறியுங்கள்

நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒவ்வொரு பாட்டையும் தாளைத் தொடாமல், நடுவில் நிற்காமல், மூன்று முறை முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பாட்டு மனப்பாடக் கணக்கில். முடியாதது தாள் கணக்கில். அன்றைக்குப் பிறகு மாற்றாதீர்கள்.

நிகழ்ச்சியன்று காலையில் துணிச்சல் வந்து ஸ்டாண்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதைவிட அதிகமாக நடப்பது இதற்கு நேர்மாறானது: இத்தனை நாளும் மனத்திலிருந்தே பாடியவர் கடைசி நேரப் பயத்தில் ஒரு தாளை எடுத்து எதிரே வைத்துவிடுவார். இது பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் ஆபத்து. அந்தத் தாளோடு அவர் ஒருமுறைகூடப் பாடியதில்லை. எந்த வரி பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தாள் இருப்பதால் கண் அங்கே போகும். போவதால், தானாக ஓடிக்கொண்டிருந்த நினைவு அறுந்துபோகும்.

மூன்றாம் படி: மனத்தில் ஏற்றுவது

திரும்பத் திரும்ப வாசித்தால் தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் புதியவர்களின் வழக்கம். வரத்தான் செய்யும். வருவது பெரும்பாலும் கைக்கும் வாய்க்கும் மட்டும் வரும். கை நினைவு வேகமானது, ஆனால் அது ஒரு சங்கிலி. முன்னால் வந்த சுரம் பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு வரும். வீட்டில் அது அறுவதில்லை. மேடையில் விரல் சில்லிட்டு, யாரோ இருமி, வேகம் சற்றுக் கூடியதும் ஒரு கண்ணி தெறிக்கிறது. அந்த இடத்திலிருந்து தொடர வழியில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் கை நினைவுக்குப் பாதை தெரியும். நடுவில் நின்றுபோய் ஆரம்பத்துக்கே திரும்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

எனவே கை நினைவோடு வேறு சில நினைவுகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். காதின் நினைவு: அடுத்து என்ன ஒலிக்கப்போகிறது என்று முன்கூட்டியே உள்ளே கேட்பது. கண்ணின் நினைவு: தாளில் அந்த இடம் எப்படி இருக்கும், பியானோவிலோ கித்தாரிலோ கை எந்த வடிவத்தில் நிற்கும் என்பது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அறிந்து வைத்திருக்கும் நினைவு: இங்கே பல்லவி முடிகிறது, இடையிசை எட்டுத் தாளச் சுற்று, இரண்டாம் சரணம் முதல் சரணத்தைப் போலவே தொடங்கிக் கடைசி வரியில் மட்டும் மேலே ஏறுகிறது என்று வார்த்தையில் சொல்லக்கூடிய அறிவு. பதற்றத்தில் முதலில் கைவிடுவது கை. கடைசி வரை உடன் நிற்பது இந்த அறிவு.

இதைச் செய்யும் விதம் எளிது. பாட்டை அதன் அமைப்பின்படியே பகுதிகளாகப் பிரியுங்கள். தாளில் பக்கம் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண்ணோ செல்லப் பெயரோ கொடுங்கள். உளவியலாளர் ரோஜர் சாஃபினும் பியானோக் கலைஞர் கேப்ரியேலா இம்ரேயும் சேர்ந்து, இசையமைப்பாளர் பாக்கின் ‘இத்தாலியன் கன்செர்டோ’ என்ற படைப்பின் கடைசிப் பகுதியை இம்ரே முதல் நாளிலிருந்து எப்படிப் பயின்றார் என்று பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். அவர் பயிற்சியைத் தொடங்கிய இடங்களும் நிறுத்திய இடங்களும் அந்த இசையின் பகுதி எல்லைகளோடு பெரிதும் ஒத்துப்போயின. மேடையில் அவர் ஒவ்வொரு சுரத்தையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. முன்பே குறித்துவைத்த சில இடங்களை மட்டும் மனத்தில் தொட்டுக்கொண்டு போனார். நடுவில் எது நழுவினாலும் அடுத்த குறிப்பிடத்தில் போய் இறங்கிவிடலாம்.

அந்தக் குறிப்பிடங்களை நீங்களும் அமையுங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஐந்தாறு போதும். அமைத்தபின், சிறு துண்டுச் சீட்டுகளில் எண் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். வந்த எண்ணிலிருந்து உடனே தொடங்குங்கள். நான்காவது பகுதியிலிருந்து நேரே தொடங்க முடியாவிட்டால் அந்தப் பாட்டு உங்களுக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை; முதலிலிருந்து எத்தனை தடவை பிசிறில்லாமல் வந்தாலும் சரி.

கடைசிப் பகுதியை முதலில் படிப்பதும் நல்ல உத்தி. எல்லாரும் முதலிலிருந்தே தொடங்குவதால் முதல் பகுதி கல்வெட்டுப்போல் பதிந்திருக்கும். முடிவு நெருங்க நெருங்கக் கால் தடுமாறும். பின்னாலிருந்து படித்து வந்தவருக்கு, பாட்டு போகப் போகப் பழகிய இடமாக வரும்.

தனியாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு வகை. ஒன்று, ஒரே மாதிரி வந்து வேறு வேறாகப் பிரிகிற இடங்கள். முதல்முறை இடையிசைக்குப் போகிறது, இரண்டாம்முறை முடிவுக்குப் போகிறது. இங்கே தவறினால் பாட்டு ஒன்று வட்டம் அடிக்கும், அல்லது பாதியிலேயே முடிந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மற்றொன்று, சரணங்களின் முதல் சொல். ஒரு வரிக்குள் சொல் சொல்லை இழுத்துக்கொண்டு வரும். மெட்டும் எதுகையும் துணைக்கு நிற்கும். சரணம் முடிந்து இடையிசை ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த சரணத்துக்கான கயிறு கையில் எதுவும் இருக்காது. பாடகர்களின் மறதியில் பெரும்பகுதி இங்கேதான். முதல் சரணத்தின் கடைசிச் சொல்லையும் இரண்டாம் சரணத்தின் முதல் சொல்லையும் மட்டும் சேர்த்து ஒரு சோடியாகப் பலமுறை சொல்லுங்கள். அர்த்தத்திலும் ஒரு பாலம் கட்டிக்கொள்ளுங்கள்: முதல் சரணம் மழையைப் பற்றியது, இரண்டாவது அதற்குப் பின் வரும் பயணத்தைப் பற்றியது என்பது போல.

வரிகளைக் கையால் எழுதுங்கள். பிறகு மெட்டே இல்லாமல், உரைநடை மாதிரி வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மெட்டின் துணை இல்லாமல், பாத்திரம் துலக்கிக்கொண்டோ நடந்துகொண்டோ சொல்ல வருகிற வரி மேடையில் உங்களை அவ்வளவு எளிதில் கைவிடாது.

படிப்பதைவிடச் சோதிப்பதே அதிகம் இருக்கட்டும். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த ஆய்வு பிரபலமானது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து தங்களையே சோதித்துக்கொண்டவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. அவர்கள் படித்தது உரைநடை, இசை இல்லை. ஆனாலும் நிகழ்ச்சி அடுத்த வாரம் என்கிறபோது ஐந்து நிமிட நினைவை நம்புவதில் அர்த்தமில்லை. மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருவதைவிட, ஆறு நாளில் அரை அரை மணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் முயற்சி தாளைத் திறக்காமலே நடக்கட்டும். தவறிய இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

நான்காம் படி: தாளைச் சுருக்குவது

முழு வரிகளும் உள்ள பக்கத்தில் தொடங்குங்கள். இரண்டாம் வாரம், ஒவ்வொரு வரியின் முதல் சொல் மட்டும். மூன்றாம் வாரம், ஒவ்வொரு சரணத்தின் முதல் இரண்டு சொல், அதன் பக்கத்தில் ஸ்கேல், கித்தாராக இருந்தால் கேபோ (சுருதியை உயர்த்தக் கழுத்தில் மாட்டும் கவ்வி) எந்தக் கட்டத்தில், வேகம், யார் தொடங்குகிறார். இவ்வளவுதான். ஒரு நிகழ்ச்சியின் பாட்டுகள் அனைத்தும் ஒன்று அல்லது இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். இந்தத் தாளை ஸ்டாண்டில் வைக்கலாம். மானிட்டர் ஸ்பீக்கரின் (பாடுகிறவருக்கே அவர் குரலைக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர்) மேலோ தரையிலோ ஒட்டியும் விடலாம். பாட்டு வரிசையைத் தடித்த மார்க்கரில் எழுதித் தரையில் ஒட்டுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

முழு வரியும் தேவைப்படுகிற பாட்டு என்றால், ஒரு மூச்சில் பாடுவதை ஒரு வரியாக எழுதுங்கள். தாளின் அகலத்துக்கு மடித்து எழுதாதீர்கள். மூச்சு முடியும் இடத்தில் கண் தானாக அடுத்த வரிக்கு இறங்கும். எழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயிண்ட்) குறைய வேண்டாம். அச்சடித்த தாளை ஸ்டாண்டில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, நீங்கள் நிற்கப்போகும் தூரத்திலிருந்து பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் இன்னும் பெரிதாக்குங்கள்.

வண்ணப் பேனாக்களை நம்பாதீர்கள். சிவப்பு மேடை விளக்கில் சிவப்பு மை காணாமல் போகும். ஆரஞ்சு வெளிச்சத்தில் மஞ்சள் பூச்சு தெரியவே தெரியாது. கறுப்பு மை, அடிக்கோடு, வட்டம், அம்புக்குறி. இவை எந்த வெளிச்சத்திலும் நிற்கும்.

ஐந்தாம் படி: ஸ்டாண்டை நிறுத்தும் இடம்

கேட்பவர்கள் வெறுப்பது ஸ்டாண்டை அல்ல, ஸ்டாண்டுக்கு மேலே தெரிகிற நெற்றியை. ஸ்டாண்டின் தட்டை முகத்துக்கு நேரே நிமிர்த்தி வைத்தால் உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடும். பாடுகிறவர் தட்டின் மேல் விளிம்பை மார்புக்குக் கீழே இறக்கி, ஏறக்குறையப் படுக்கையாகச் சாய்த்து, சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். தலை குனியாமல், கண் இமை மட்டும் தாழ்ந்தால் தாள் தெரிகிற உயரம் சரியான உயரம். குனிந்து பாடினால் தொண்டையும் இறுகும், வாய் மைக்கை விட்டும் விலகும்.

இசைக்குழுவில் வாசிப்பவருக்குக் கணக்கு வேறு. தாளின் மேல் விளிம்பைத் தாண்டியதுமே நடத்துநரின் கை தெரிய வேண்டும். தாளிலிருந்து கைக்குக் கண் போகும் தூரம் குறையக் குறைய நல்லது. வயலின்காரர்கள் வில் முழுவதும் இழுத்துப் பார்த்துத் தட்டில் இடிக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இருவருக்கு ஒரு ஸ்டாண்ட் என்றால் உள்பக்கம் அமர்ந்தவர் பக்கம் திருப்புவார். அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒலி விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரும்புத் தட்டு ஒலியைத் திருப்பி அடிக்கும். வாய்க்கு நேரே அது நிமிர்ந்து நின்றால் உங்கள் குரல் தட்டில் பட்டு மைக்குக்குள் இரண்டாம் முறை போகும். குரல் ஏதோ தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். தட்டைச் சாய்த்தாலே பாதி சரியாகிவிடும், ஒரு துணியை விரித்தால் மீதியும். தரையில் இருக்கும் மானிட்டருக்கும் உங்கள் காதுக்கும் நடுவே தட்டு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலே உங்களுக்குக் கேட்கவில்லை என்று ஒலிப்பொறியாளரிடம் புகார் சொல்வதற்கு முன் ஸ்டாண்டை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள்.

மடக்கு ஸ்டாண்ட் தூக்கிச் செல்ல எளிது, விழுவதற்கும் எளிது. கால்களை முழுக்க விரித்து, திருகுகளை இறுக்கி, கனமான புத்தகத்தை வைத்துப் பாருங்கள். மெல்ல இறங்கினால் அன்று மாலையும் இறங்கும்.

ஆறாம் படி: காகிதமா, டேப்லட்டா

காகிதத்துக்கு மின்னூட்டம் தேவையில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்து, எண் போட்டு, பக்கங்களை ஒட்டி விசிறி மடிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; மூன்று பக்கம் விரித்தால் 63 செ.மீ. ஆகும், சாதாரணத் தட்டைவிட அகலம். பின்னால் ஓர் அட்டை கொடுத்தால் தாங்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், மேடை விளக்கு அதில் விழுந்தால் வெள்ளைத் திட்டு மட்டும்தான் தெரியும். திறந்தவெளியில் கிளிப்புகள் கட்டாயம். பக்கம் திருப்ப வேண்டியிருந்தால், கை ஓய்வாக இருக்கும் இடத்தில் பக்கம் முடிகிற மாதிரி அச்சடியுங்கள்.

டேப்லட் என்றால் நிகழ்ச்சிக்கு முன் செய்ய வேண்டியவை: தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள், விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள், வெளிச்ச அளவைக் கையால் நிலைநிறுத்துங்கள், முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். காலால் பக்கம் திருப்பும் புளூடூத் பெடல் வைத்திருந்தால், விமானப் பயன்முறையில் புளூடூத்தும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி இயக்குங்கள். இதை மேடையில் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். வெயிலில் வைக்காதீர்கள். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ்; சூடேறினால் திரை மங்கும், பிறகு எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். சுருக்கிய தாள் ஒன்று மடிப்பாகப் பையில் இருக்கட்டும். கைப்பேசித் திரையில் பார்த்துப் பாடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்: எழுத்து சிறிது, விரல் தவறாகப் பட்டால் வேறு எங்கோ போய்விடும், பார்ப்பவருக்கோ நீங்கள் செய்தி படிப்பது போல இருக்கும்.

ஏழாம் படி: மேடையைப் போலவே ஒத்திகை

கடைசி வாரம் முழுக்க, நிகழ்ச்சியில் எப்படியோ அப்படியே. நின்று பாடுவீர்கள் என்றால் நின்று, அதே செருப்பு அணிந்து, ஸ்டாண்ட் அதே உயரத்தில், கையில் மைக். எங்கே தாளைப் பார்ப்பது என்பதையும் ஒத்திகை செய்யுங்கள்: இடையிசையில் ஒரு பார்வை, அடுத்த சரணத்தின் முதல் சொல், மறுபடி முகம் மேலே. பார்க்கும் இடங்களைத் தாளில் குறித்து, மற்ற இடங்களில் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேரையாவது உட்காரவைத்து ஒருமுறை முழுதாகப் பாடுங்கள். எதிரே ஆள் இருக்கும்போது எது கழன்றுபோகிறது என்பது தனியாகப் பாடினால் தெரியவே தெரியாது.

மறந்துவிட்டால்

மறக்கும். அதற்கும் பயிற்சி உண்டு. ஒத்திகையில் வேண்டுமென்றே ஒரு வரியைத் தவறவிட்டு, நிற்காமல் அடுத்த குறிப்பிடத்துக்குத் தாவிப் பழகுங்கள். தாளம் ஓடிக்கொண்டிருக்கும் வரை கேட்பவருக்கு எதுவும் நடந்ததாகவே படாது. சரணம் வரவில்லையா, முன்பு பாடிய சரணத்தையே மறுபடி பாடுங்கள். அதுவும் வரவில்லையா, மெட்டை முனகுங்கள், அல்லது பல்லவிக்குப் போங்கள். நாக்கைக் கடிப்பது, தலையை ஆட்டுவது, மன்னிப்புக் கேட்பது மூன்றும் வேண்டாம். யாரும் கவனிக்காததை நீங்களே விளம்பரப்படுத்துகிறீர்கள்.

உடன் வாசிப்பவர்களோடு இரண்டு சைகைகளை முன்பே பேசி வையுங்கள். ஒன்று, இன்னொரு சுற்று வாசியுங்கள் என்பதற்கு. இன்னொன்று, பல்லவிக்கு வாருங்கள் என்பதற்கு. பியானோக் கலைஞர் மரியா ஜுவாவ் பிரெஷுக்கு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது இதைவிடப் பெரிய சோதனை. தாம் எதிர்பார்த்து வந்தது ஒரு மோட்சார்ட் கன்செர்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), இசைக்குழு தொடங்கியதோ வேறொன்று. முகம் வெளிறிப்போன அவரிடம், நடத்துநர் ரிக்கார்டோ ஷையி கையை நிறுத்தாமலேயே தைரியம் சொன்னார். அவர் வாசிக்க வேண்டிய இடம் வருவதற்குள், முன்பு ஆழமாகப் படித்திருந்த அந்த இசை அவருக்குத் திரும்பி வந்தது. முழுதாக வாசித்து முடித்தார்.

நிகழ்ச்சி முடிந்த அன்றே, தூங்குவதற்கு முன், எங்கெங்கே தாளைப் பார்த்தீர்கள், எங்கே பார்த்தும் பயனில்லாமல் போனது என்று அந்தத் தாளிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கான பயிற்சியை அந்தக் குறிகளிலிருந்து தொடங்கலாம்.